மூன்றாம் படியில் நின்ற வெள்ளை வண்டி

பார்சிப்பனியில் என் மூத்த மகளின் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றி எங்கள் உறவினரிடையே இன்று நான்கு கதைகள் உலவுகின்றன. ஒன்றில் நான் மின்சாரக் கார் ஓட்டி அமெரிக்கர்களை வென்றிருக்கிறேன். இன்னொன்றில் என் இரு மருமகன்களும் டிராக்டர் ஏறி ஒருவரையொருவர் மோதியிருக்கிறார்கள். மூன்றாவதில் வண்டி தீப்பற்றி எரிந்திருக்கிறது. நான்காவது என் மனைவி சொல்வது. அது நாளுக்கு நாள் மாறுவதால் இங்கே தர இயலவில்லை.

ஆகவே இக்கட்டுரையில் என் கண் கண்டவை, என் மின்னளவி காட்டியவை, என் காதுபடப் பேசப்பட்டவை ஆகியவற்றுக்கு மட்டுமே இடம் உண்டு. அமெரிக்காவில் தூசியே இல்லை என்று எழுதியவர்களின் வரிசையில் சேர எனக்கு விருப்பமில்லை. தூசி இருக்கிறது, குறிப்பாகக் கராஜில்.

சொல்லைப் பற்றியும் ஒரு சொல். கோவையில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்பொறிகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தமிழ்வழிப் பாடநூலில் மோட்டாரை மின்னோடி என்றே எழுதினேன், அதற்காக வருந்தவில்லை. எனினும் பீளமேட்டுப் பட்டறை எதிலும் மின்னோடி என்று கேட்டால் வாசலைக் காட்டுவார்கள். வாசகரும் வாசலுக்குப் போய்விடக் கூடாது என்பதால் மோட்டார் என்றே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், மரங்கள் சிவக்கத் தொடங்கிய ஒரு நாளில் நானும் மனைவியும் நெவார்க்கில் இறங்கினோம். சுங்க அதிகாரி மாங்காய் ஊறுகாயை முகர்ந்து பார்த்து விட்டுவிட்டார். மல்டிமீட்டர் எனப்படும் என் பழைய மின்னளவியைத்தான் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விடுமுறைக்கா வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பின்னர் நடந்தவற்றை எண்ணும்போது, அவர் நம்பாததே சரி.

மூத்த மருமகன் செல்வராஜ் எங்களை வீட்டுக்கு அழைத்துச் சென்று, காரைச் சரிவான பாதையிலேயே நிறுத்தினார். கராஜ் இருக்கக் கார் ஏன் வெளியில் நிற்கிறது என்று கேட்டேன். மூத்த மகள் வனஜா பதில் சொன்னாள்.

"உள்ளே எங்கப்பா இடம்? ரெண்டு எருமைய வாங்கிக் கட்டியிருக்காங்க. போய்ப் பாருங்க."

உள்ளே இரண்டு தோட்ட டிராக்டர்கள் நின்றன. ஒன்று வெள்ளை, மற்றது மஞ்சள். உட்கார்ந்து ஓட்டிப் புல்வெட்டும் வண்டிகள். பெட்ரோல் கிடையாது, இரண்டும் பேட்டரியில் ஓடுபவை. எரிபொருள் தட்டுப்பாடு வந்த எழுபதுகளில் சிலர் ஆசையாய்ச் செய்து, சிலர் ஆசையாய் வாங்கி, பிறகு எல்லோரும் மறந்துபோன சாதி. வெள்ளை வண்டி செல்வராஜுடையது. மஞ்சள் வண்டி இளைய மருமகன் கார்த்தியுடையது. கார்த்தியும் என் இளைய மகள் சுதாவும் ஜெர்சி சிட்டியில் ஓர் உயரமான கட்டடத்தின் மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். அங்கே புல் என்பது பால்கனியில் ஒரு தொட்டித் துளசியோடு முடிந்துவிடும். புல்லே இல்லாதவருக்குப் புல்வெட்டும் டிராக்டர் எதற்கு என்ற கேள்வியை அதுவரை ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்கும் கேள்வியா அது?

அன்றிரவு உணவின்போது விவகாரம் முழுதும் விளங்கியது. பனி விழுமுன் கார் உள்ளே வந்தாக வேண்டும் என்று வனஜா சொல்லிவிட்டாள். ஆகவே ஒரு டிராக்டர் வெளியேற வேண்டும். கார்த்திக்கோ டெக்சஸில் கேட்டி என்னும் ஊரிலிருந்து ஒரு வேலை வந்திருந்தது.

"கேட்டியில நம்ம ஆளுக நிறைய இருக்காங்க மாமா. வீடும் சீப். என் வண்டி இங்க நின்னா, நான் பக்கத்துலயே வீடு பாத்து செட்டில் ஆயிடறேன். வண்டிக்கே இடமில்லைன்னா, நானும் டெக்சஸ் மூவ் பண்ணிடறேன்" என்றார் கார்த்தி, சிரித்துக்கொண்டேதான். சுதா சிரிக்கவில்லை. தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அக்காளும் தங்கையும் நடந்து போய்வரும் தொலைவில் வீடு வாங்க வேண்டுமென்பது அவர்களுடைய பல ஆண்டுத் திட்டம்.

செல்வராஜ் நியாயவான். "எது நல்ல வண்டியோ அது இருக்கட்டும். மாமா மெஷின்ஸ் டீச் பண்ணுனவங்க. மோட்டார், கன்ட்ரோல் எல்லாம் கம்பேர் பண்ணி அவங்களே சொல்லட்டும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இதன் கொடுமையை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இரண்டு மருமகன்களைப் பெற்றவன் தராசோடு வாழ்கிறவன். ஒருவருக்கு மோதிரம் போட்டால் மற்றவருக்கும் அதே எடை. ஒருவர் இலையில் வடை விழுந்தால் மற்றவர் இலையில் அது ஏற்கெனவே விழுந்திருக்க வேண்டும். அப்படி வாழ்ந்தவனிடம் இருவர் வண்டியில் எது மேல் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள்.

படுக்கையறைக்கு வந்ததும் என் மனைவி தீர்ப்பைக் கையில் கொடுத்தாள்.

"ஏனுங்க, சின்னவரு வண்டிதான் நல்லாருக்குதுன்னு சொல்லிப்போடுங்க. பொண்ணுக ரெண்டும் ஒரே ஊர்ல இருக்கோணும்."

"ஓட்டிப் பாக்காம எப்படிச் சொல்றது?"

"மாப்பிள்ளை பாக்கப் போனப்ப ஓட்டிப் பாத்துத்தான் சொன்னீங்களாக்கும்?"

மறுநாள் கார்த்தி என்னைத் தம் கட்சிக்கு இழுக்க ஜெர்சி சிட்டிக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்து மன்ஹாட்டனுக்கு ஆற்றின் அடியில் ஒரு ரயில் ஓடுகிறது. பழைய பெட்டிகள். புறப்படும்போது அவை படிப்படியாக உதைத்து வேகமெடுத்தன. மோட்டாருக்கு முன்னுள்ள மின்தடைகளை, அதாவது ரெசிஸ்டர்களை, ஒவ்வொன்றாய் விலக்கும் பழைய முறை அது. நான் வகுப்பறைப் பழக்கத்தில் உதைகளை எண்ணத் தொடங்கினேன்.

"மாமா, மெதுவா எண்ணுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

ஆற்றின் நடுவே ரயில் நின்றது. விளக்கும் அணைந்து, மூலையில் ஒன்று மட்டும் மங்கலாக எரிந்தது. சில நிமிடங்களில் சரியாகிவிடும் என்று ஒலிபெருக்கி சொன்னது. எதிரில் அமர்ந்திருந்த பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அவர்களுடைய நிமிடம் வேறு, நம்முடைய நிமிடம் வேறு" என்று பொதுவாகச் சொன்னார். ஈரோடு சந்திப்பில் கேட்டதுபோலவே இருந்தது. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே இந்நேரம் ஒருவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்திருப்பார், இங்கே ஒருவரும் பிரிக்கவில்லை. எங்களிடம் புளிச்சோறு இருந்தும் கார்த்தி பிரிக்க விடவில்லை.

அந்த அரையிருட்டில் கார்த்தி மகிழ்ச்சியாகவே இருந்தார். "பாத்தீங்களா மாமா? இந்த ட்ரெயினும் அண்ணன் வண்டியும் ஒரே டெக்னாலஜி. அதான் நடுவுல நின்னுருச்சு."

ரயில் நின்றது மின்வழங்கல் தடைப்பட்டதால் என்றும், படிப்படியாய் உதைக்கும் முறைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் விளக்கினேன். அவர் முகம் வாடியது. அண்ணன் என்று அவர் குறிப்பிட்டது தம் சகலை செல்வராஜை. வண்டிப் பேச்சு ஒன்றைத் தவிர, இருவரும் உடன்பிறந்தாரைப் போலத்தான் இருந்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

அடுத்து, இரு வண்டிகளையும் விற்ற வால்ட்டர் என்னும் முதியவரைப் பார்க்க மாநிலத்தின் வடமேற்கு மூலைக்குச் செல்வராஜ் காரோட்டினார். வழியில் ஓர் உணவகம். இறைச்சி இல்லாதது எது என்று கேட்டதற்குப் பணிப்பெண் பட்டியல் முழுவதையும் புரட்டிவிட்டு, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டியைக் காட்டினாள். என் மனைவி வெந்நீர் கேட்டாள். அது எலுமிச்சைத் துண்டும் தேயிலைப் பொட்டலமுமாக அலங்காரத்தோடு வந்தது. அவள் இரண்டையும் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஊறுகாயை எடுத்தாள். "இது என்ன ஜாம்?" என்று கேட்டுப் பணிப்பெண் விரல்நுனியால் தொட்டு நாவில் வைத்தாள். பிறகு எங்கள் மேசைப் பக்கம் வரவில்லை.

வால்ட்டர் பழைய வண்டிகளை வாங்கிச் சீர்செய்து விற்பவர். எது சிறந்தது என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வெள்ளை வண்டி கோவேறு கழுதை. சொன்னதைச் செய்யும், முனகிக்கொண்டே செய்யும். மஞ்சள் வண்டி பூனை. நன்றாக நடந்துகொள்ளும், அதற்கு மனமிருந்தால்." சரி, எது சிறந்தது? "ஐயா, இரண்டையும் நான் ஒரே குடும்பத்துக்கு விற்றிருக்கிறேன். என்னிடம் கேட்காதீர்கள்." அந்நாட்டில் என் நிலையை முழுதும் உணர்ந்துகொண்ட முதல் மனிதர் அவர்தாம். தோற்கும் வண்டியைத் தாமே திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அதன்பின் சில நாள் கராஜே என் ஆய்வுக்கூடம். இரண்டு வண்டிகளிலும் ஆறு பேட்டரிகள். சேர்ந்து முப்பத்தாறு வோல்ட். ஒற்றுமை அவ்வளவே.

வெள்ளை வண்டியின் மோட்டாரில் காந்தம் இல்லை. கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் உண்டாகிறது. மிதியை அழுத்தினால் பெட்டிக்குள் மூன்று கான்டாக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன. கான்டாக்டர் என்பது மின்காந்தத்தால் இழுக்கப்பட்டு மூடிக்கொள்ளும் பெரிய சுவிட்சு. முதல் படியில் வண்டி ஊர்கிறது. இரண்டாம் படியில் ஒரு தடை விலகி, நடக்கிறது. மூன்றாம் படியில் எல்லாத் தடையும் விலகி முழு வலுவும் கிடைக்கிறது. அதற்குமேல் வேகம் வேண்டுமானால் காந்தப்புலத்தைத் தளர்த்த வேண்டும். புலம் தளர்ந்தால் ஓட்டம் கூடும் என்பதை என் மாணவர் ஒருவரும் முதல்முறை சொன்னபோது நம்பியதில்லை. இறக்கத்தில் இந்த மோட்டார் பேட்டரிக்குச் சிறிது மின்சாரத்தைத் திருப்பியும் தருகிறது. வாங்கியதைத் திருப்பித் தரும் பொறியை யாருக்குத்தான் பிடிக்காது?

மஞ்சள் வண்டியில் நிலைக்காந்த மோட்டார். அதன் பழைய கட்டுப்பாட்டை வால்ட்டர் கழற்றி எறிந்துவிட்டு, டிரான்சிஸ்டர்கள் நிறைந்த ஒரு சிறு பெட்டியை வைத்திருந்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் பன்முறை மின்சாரத்தைத் திறந்து மூடி, குழாயைத் திருகுவதுபோல வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. உதை இல்லை, முனகல் இல்லை. மெல்லிய சீழ்க்கை மட்டும். ஆனால் பெட்டி கெட்டால் திறந்து பார்க்க ஒன்றுமில்லை. வெள்ளை வண்டியிலோ உப்புத்தாளும் பொறுமையும் இருந்தால் போதும். செல்வராஜ் ஞாயிறுதோறும் கான்டாக்டர்களின் தொடுமுனைகளைத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தார்.

அளந்தவரையில், சமதரையில் மஞ்சள் வண்டி இனிது. ஆனால் அதன் காந்தங்கள் வயதால் சோர்ந்திருந்தன. பாரத்தோடு ஏற்றத்தில் ஏறினால் வெள்ளை வண்டியே வெல்லும் என்பது என் கணக்கு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன். அதாவது எல்லோரிடமும் சொன்னேன்.

இறுதிச் சோதனைக்குக் குறித்த விடுமுறை நாள் ஆயுதபூஜையாக அமைந்தது. கருவிகளுக்கு அன்று ஓய்வு. வண்டியை எடுக்கக் கூடாது என்று என் மனைவி தடுத்தாள். பேட்டரிகளைச் சார்ஜ் செய்யலாமா என்று செல்வராஜ் பணிவோடு கேட்டார்.

"போடுங்க மாப்பிள்ளை. அது சாப்படறதுதானே? வேலை செய்யறது இல்லையே."

சோதனை விஜயதசமிக்குத் தள்ளிப்போனது. நான் ஆராய்வதற்காகத் திறந்து வைத்திருந்த கான்டாக்டர் பெட்டி திறந்தபடியே இருந்தது. கணினி, திருப்புளி, தையல் இயந்திரம், கார்கள், இரு டிராக்டர்கள் என எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். மகள்கள் இருவர், மனைவி, மருமகன்கள் இருவர் என ஐவர் கையிலும் சந்தனக் கிண்ணம் மாறி மாறிப் போனதை நான் கண்டேன்.

திருஷ்டி கழிக்க வெள்ளைப் பூசணி கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் அந்நாட்டின் ஒவ்வொரு வாசற்படியிலும் எங்கள் ஊரில் அரசாணிக்காய் எனப்படும் பரங்கிக்காய் கொலுவீற்றிருக்கிறது. அதிலொன்றை வாங்கித் துளையிட்டு, குங்குமம் நிரப்பி, சரிவுப் பாதையில் செல்வராஜ் ஓங்கி உடைத்தார். உள்ளே சென்று பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது. பக்கத்து வீட்டு அம்மையார், கண் கலங்க நின்றார்.

"யாரோ உங்கள் பூசணியை உடைத்துவிட்டார்கள். மேலே சிவப்புச் சாயம் வேறு ஊற்றியிருக்கிறார்கள். போன வருடம் எங்களுக்கும் இப்படித்தான் செய்தார்கள். போலீஸைக் கூப்பிடட்டுமா?"

பெருநிறுவனமொன்றில் நாள்தோறும் விளக்கவுரை நிகழ்த்தும் செல்வராஜ் அன்று கொடுத்த விளக்கம் ஒரு வரிதான். "வேண்டாம், பிள்ளைகள்தானே, மன்னித்துவிடுவோம்" என்று மட்டும் சொன்னார். அம்மையார் அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டினார். சற்று நேரத்தில் தம் வீட்டுப் பரங்கிக்காயில் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் படியில் வைத்துவிட்டுப் போனார்.

"அண்ணா, இதையும் உடைச்சிடலாங்களா?" என்றார் கார்த்தி.

விஜயதசமிக் காலையில் வெள்ளை வண்டியின் கான்டாக்டர் பெட்டியை மூடியவர் செல்வராஜ். மூடுமுன் உள்ளே பார்த்தாரா என்பதை நான் கவனிக்கவில்லை. பொன்னி அரிசி மூட்டைகளை ஏற்றிய ஒரு சிறு இழுவண்டியைச் சரிவுப் பாதையின் அடியில் நிறுத்தினோம். சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம். முதலில் மஞ்சள் வண்டி. சீழ்க்கை அடித்தபடி ஏறத் தொடங்கி, பாதியில் திணறி, பெட்டி சூடேற, கடைசியில் கராஜ் வாயிலைத் தொட்டுவிட்டது. சுதா கை தட்டத் தொடங்கி, அக்காளைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அடுத்து வெள்ளை வண்டியில் செல்வராஜ் ஏறி அமர்ந்தார். முதல் படி, 'டக்' என்ற ஒலியோடு வண்டி ஊர்ந்தது. இரண்டாம் படி, 'டக்', நடந்தது. மூன்றாவது 'டக்' என் காதில் தெளிவாக விழுந்தது. வலு மட்டும் வரவில்லை. ஏற்றத்தின் செங்குத்தான இடத்தில் வண்டி முனகியது, நின்றது, பிறகு மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. செல்வராஜ் பிரேக்கை மிதித்தார். சூடேறிய தடைச் சுருள்களின் வாடையில் சந்தன மணமும் கலந்திருந்தது. பூஜை போட்ட வண்டியாதலால் அப்போது நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவர் இறங்கிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சிறிது நேரம் பார்த்தார். எதையும் தொடாமல் மூடினார்.

"பழசாயிருச்சுங்க மாமா. ஏத்தத்துல இழுக்கல. கார்த்தி வண்டியே இருக்கட்டும்."

பெண்கள் உள்ளே ஓடினார்கள். சுதாவின் அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டன. கார்த்தி மட்டும் அங்கேயே நின்றார். "ரெண்டு படி நல்லாத்தானே எடுத்துச்சுங்கண்ணா? இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கலாமே" என்றார். செல்வராஜ் அவர் தோளில் கை போட்டு, "போய் வீடு பாக்கற வேலையப் பாருடா" என்று உள்ளே அனுப்பினார்.

ஒலி கேட்டும் வலு வராத கான்டாக்டரைத் திறந்து பாராமல் விடுவது என் தொழிலுக்கு ஆகாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். மூன்றாம் கான்டாக்டரின் தொடுமுனையில், இரு உலோக முகங்களும் சந்திக்க வேண்டிய இடத்தில், காய்ந்து இறுகிய ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். விளிம்பு பிசகாத வட்டம். சுவிட்சு மூடியிருக்கிறது, ஒலியும் எழுப்பியிருக்கிறது. இடையிலிருந்த சந்தனம் மின்சாரத்தை விடவில்லை. மற்ற இரண்டு கான்டாக்டர்களுக்கும் மேலே, இரும்புச் சட்டத்தில்தான் பொட்டு இருந்தது.

செல்வராஜ் என் பின்னால் நின்றிருந்தார்.

"மாப்பிள்ளை, பொட்டு இருக்குது. துடைச்சிட்டு மறுபடியும் ஓட்டலாம். இந்தச் சோதனை செல்லாது" என்றேன்.

"சாமிக்கு வெச்சதுங்க மாமா. துடைக்க வேண்டாம், இருக்கட்டும்."

அவர் கோயிலுக்குப் போனாலும் வெளியே செருப்பைக் காவல் காத்துக்கொண்டு நிற்பவர். அதை நான் நினைவூட்டவில்லை. பெட்டியை மூடினேன்.

என் மனைவியிடம் அன்று மாலை கேட்டேன். "நான் எதுக்குங்க உங்க பொட்டியத் தொடறேன்? எங்கெங்க வெக்கோணுமோ அங்கெல்லாம் வெச்சேன்" என்றாள்.

பனி விழுமுன் வால்ட்டர் வந்து வெள்ளை வண்டியை ஏற்றிக்கொண்டு போனார். செல்வராஜ் அதன் இருக்கையைத் துணியால் ஒருமுறை துடைத்துக் கொடுத்தார்; பெட்டியைத் திறக்கவில்லை. கார்த்தி டெக்சஸுக்குப் போகவில்லை. அக்காள் வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்கு இப்போது குழம்புக் கிண்ணம் சூடு ஆறுமுன் போய்ச் சேர்கிறது. மேலே மூடி மட்டும் வேண்டும். மஞ்சள் வண்டி கார்த்தியின் புல்லை வெட்டுகிறது, அதற்கு மனமிருந்தால்.

தெரியாதவை இவை. தொடுமுனை சுத்தமாக இருந்திருந்தால் அந்த ஏற்றத்தில் எந்த வண்டி வென்றிருக்கும் என்பது தெரியாது. என் கணக்கு இருக்கிறது, சோதனை இல்லை. வால்ட்டர் அந்தப் பொட்டைத் துடைத்தாரா என்பது தெரியாது. அதை வைத்த விரல் ஐவரில் யாருடையது என்பதும் தெரியாது. செல்வராஜையும் சேர்த்தே ஐவர் என்கிறேன்.